கொல்லைப்புறத்துக்கு சோலார் விளக்கு: குச்சியா, சென்சாரா, தனி பேனலா?

கரண்ட் பில்லைக் குறைக்கத்தான் கொல்லைப்புறத்தில் சோலார் விளக்கு போடப்போகிறீர்கள் என்றால், போடவே வேண்டாம். 3 வாட் எல்இடி பல்பு இரண்டு தினமும் 6 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 36 வாட்-அவர் (1000 வாட்-அவர் ஒரு யூனிட்), அதாவது இரண்டு மாதத்துக்கு 2 யூனிட்டும் கொஞ்சமும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும்போது இதெல்லாம் ஒரு மிச்சமா? சோலார் போட நியாயமான காரணங்கள் வேறு. பின்பக்கம் வரை வயர் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டாம், துவைக்கிற கல்லைச் சுற்றி எந்நேரமும் ஈரமாகக் கிடக்கிற தரையில் 230 வோல்ட்டைக் கொண்டுபோக வேண்டாம், கரண்ட் போனாலும் வெளிச்சம் இருக்கும். பின்வாசலில் ஏற்கெனவே ஒரு பாயின்ட் இருந்து, தரையும் காய்ந்தே கிடக்கிறது என்றால் சாதாரண எல்இடி பல்பை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

சரி, சோலார்தான் என்று முடிவானால் கடையில் கிடைப்பது மூன்று வகை.

மண்ணில் செருகுகிற குச்சி விளக்குதான் மலிவு, பார்க்கவும் அழகு. ஆனால் உள்ளே பெரும்பாலும் இருப்பது 1.2 வோல்ட், 600 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர், பேட்டரி தேக்கிவைக்கும் அளவு) பென் பேட்டரி ஒன்று. கணக்குப் போட்டால் 0.7 வாட்-அவர்தான் தேறும், அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க எரிய வேண்டுமென்றால் எவ்வளவு மங்கலாக எரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாதை எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்று காட்டும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. இன்னொரு தொல்லை, இதில் இருட்டைக் கண்டுபிடிப்பதே அந்தக் குட்டி பேனல்தான் என்பதால், தெருவிளக்கு வெளிச்சம் மேலே விழுந்தால் இன்னும் பகல் என்று நினைத்துக்கொண்டு எரியவே எரியாது. நம் ஊர் வெயிலில் பேனல் மேல் பூச்சும் சீக்கிரம் மங்கிவிடும். கொலுவுக்கோ பிறந்தநாளுக்கோ வாங்கலாம்.

சுவரில் மாட்டுகிற சென்சார் விளக்கு இதைவிட எவ்வளவோ மேல். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பளிச்சென்று எரியும், பாத்ரூம் போகிற வழிக்கும் மோட்டார் பக்கத்துக்கும் அது போதும். உட்கார்ந்து பேசுகிற இடத்துக்கு ஆகாது. நீங்கள் அசையாமல் இருந்தால் அது அணைந்துவிடும், பேச்சின் நடுவே கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். பூனை போனாலும் எரியும் என்பது தனிக்கதை. உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அந்த சென்சார் வேலை செய்கிறது, ஆகவே மே மாத இரவில் சுவர் தகதகவென்று இருக்கும்போது அது ஆளைப் பிடிக்கிற தூரமும் குறையும்.

ஆனால் நான் இதில் சொல்லும் பெரிய குறை வேறு. பேனல், பேட்டரி, விளக்கு மூன்றும் ஒரே பெட்டி. வெளிச்சம் வேண்டிய இடம் சன்ஷேடுக்குக் கீழே, வெயில் இருப்பதோ அதற்கு மேலே! வெயிலில் மாட்டினால், பேனலுக்கு முதுகோடு முதுகாக இருக்கிற லித்தியம் பேட்டரி வெந்துபோகும். 45 டிகிரிக்கு மேல் அதை சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும், கோடையில் அந்த பிளாஸ்டிக் பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வாங்குவதானால் பேனல் தனியாக, வயரோடு வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் தினமும் சாயங்காலம் உட்காரும் இடமென்றால் என் ஓட்டு மூன்றாவது வகைக்கு, பேனல், பேட்டரி, பல்பு எல்லாம் தனித்தனியாக இருக்கிற செட்டுக்குத்தான். மொட்டை மாடியில் 20 வாட் பேனல், நிழலில் பேட்டரியும் பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலரும் (பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் கருவி), கீழே 12 வோல்ட், 3 வாட் டிசி பல்பு இரண்டு. பேட்டரியில் இரண்டு வழி. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸுக்குள் இருக்குமே, அந்த 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) எஸ்எம்எஃப், அதாவது தண்ணீர் ஊற்ற வேண்டாத லெட்-ஆசிட் பேட்டரி, எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் நிற்பது 42 வாட்-அவர்தான், நம் தேவையோ 36. அதே பெட்டி அளவில் வருகிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 6 ஏஎச்சில் 60 வாட்-அவர் வரை எடுக்கலாம், பல மடங்கு காலம் உழைக்கும், விலைதான் கடிக்கும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றிவைக்க மறக்காதீர்கள், அந்த வசதி இல்லாத மலிவு கன்ட்ரோலரை லித்தியத்தோடு சேர்க்கவே வேண்டாம்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கழற்றும்போது தலைகீழ். பேட்டரி பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். பல்புக்குப் போகிற வயர் 1 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லிசான வயரை 10 மீட்டர் இழுத்தால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். பேனலைத் தெற்குப் பார்த்து 12 டிகிரி போலச் சாய்த்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். அதைவிட முக்கியம் தென்னங்கீற்று நிழல். செல்கள் எல்லாம் தொடராக இருப்பதால், ஒரு செல்லில் நிழல் விழுந்தாலே மொத்தக் கரண்ட்டும் படுத்துவிடும். பல்பு வெள்ளையாக வேண்டாம், மஞ்சள் வெளிச்சமாகப் பாருங்கள், மழை விட்ட அன்று ஈசல் குறைவாக வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் மூடிக்கிடந்தால் இந்த செட்டும் திணறும். அப்போது ஒரு பல்பை அணைத்துவிடலாம், எப்படியும் அந்த மழையில் யாரும் வெளியே உட்காரப்போவதில்லை.