டர்போ கிராஸ்ஓவரா? எஞ்சினுக்கு முன் கியர்பாக்ஸைப் பாருங்கள்

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். அது நிமிடத்துக்கு 5,000, 6,000 சுற்றில் கிடைக்கும் உச்சம். அன்றாட ஓட்டத்தில் எஞ்சின் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பெரும்பாலும் 1,500-க்கும் 2,500-க்கும் நடுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் டர்போ (வெளியேறும் புகையால் ஒரு டர்பைனைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள கிராஸ்ஓவர்களை, அதாவது கார்போல ஓடும் உயரமான வண்டிகளை, ஒப்பிடும்போது இரண்டு கேள்விகள் போதும். 2,000 சுற்றில் எவ்வளவு இழுவை இருக்கிறது? அந்த இழுவையைச் சக்கரம்வரை கொண்டுபோகிற கியர்பாக்ஸ் எந்த வகை?

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதே இல்லை. ஆனால் வாங்கி ஆறு மாதம் கழித்து வரும் புகார்களில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இங்கே எடுத்துக்கொண்டவை நான்கு. மாஸ்டா சிஎக்ஸ்-30, 2.5 லிட்டர் டர்போ, ஆறு வேக டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கடத்தும்) ஆட்டோமேட்டிக். ஹோண்டா சிஆர்-வி, 1.5 லிட்டர் டர்போ, சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் கொண்டு விகிதத்தை மாற்றும் கியர்பாக்ஸ்). ஃபோக்ஸ்வாகன் டி-ராக் (2017-இல் வந்த முதல் தலைமுறை), 1.5 லிட்டர் டிஎஸ்ஐ (ஃபோக்ஸ்வாகன் தன் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு வைத்த பெயர்), ஏழு வேக இரட்டை கிளட்ச் (ஒரு கிளட்ச் பிடித்திருக்கும்போதே மற்றதில் அடுத்த கியர் தயாராகும் வகை). நான்காவதாக டர்போவே இல்லாத டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட், 2019-இல் வந்த தலைமுறை. அளவில் இவை ஒரே வகுப்பல்ல. சிஆர்-வியும் ராவ்4-ம் பெரியவை, மற்ற இரண்டும் சிறியவை. பின்சீட்டில் மூன்று பேர் அடிக்கடி உட்காரும் வீடாக இருந்தால் சிறிய இரண்டையும் இப்போதே தள்ளிவிடலாம். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

2,000 சுற்றில் கணக்கு

இழுவையை, அதாவது டார்க்கை, நியூட்டன் மீட்டரில் எடுத்து, சுற்றால் பெருக்கி, 9,549-ஆல் வகுத்தால் அந்த நொடியில் எஞ்சின் தரும் திறன் கிலோவாட்டில் வந்துவிடும். மாஸ்டா 2,000 சுற்றில் 420 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதாவது 88 கிலோவாட். ஃபோக்ஸ்வாகனின் 250 நியூட்டன் மீட்டர் (1,500 முதல் 3,500 சுற்றுவரை) அதே இடத்தில் 52 கிலோவாட். ஹோண்டாவின் 243 நியூட்டன் மீட்டர் 51 கிலோவாட். உச்சத் திறனில் ஹோண்டா 190 குதிரை, ஃபோக்ஸ்வாகன் 150. காகிதத்தில் நாற்பது குதிரை வித்தியாசம். ஆனால் நகர ஓட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். டி-ராக் எடையும் குறைவு என்பதால் அங்கே அது சோடைபோகாது.

ராவ்4 ஹைப்ரிடின் முன் மின்மோட்டார் தனியாகவே 88 கிலோவாட், 202 நியூட்டன் மீட்டர். அதற்குச் சுற்று ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, காலை வைத்ததும் இழுவை வந்துவிடும். சிக்னலிலிருந்து கிளம்பும் முதல் சில மீட்டர்களில் எந்தச் சிறிய டர்போவாலும் இதைத் தொட முடியாது.

மாஸ்டாவின் பெரிய எஞ்சினில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சுமார் 1,620 சுற்றுக்குக் கீழே புகை முழுவதும் ஒரு குறுகிய வழியாகத் திருப்பிவிடப்படுகிறது. குறுகிய வழியில் வேகம் கூடும், டர்பைன் சீக்கிரம் சுழலும். அதற்கு மேலே பெரிய வழியும் திறந்துகொள்ளும். டர்போ தாமதம் இதில் கிட்டத்தட்டத் தெரியாததற்கு இதுவும், 2.5 லிட்டர் கொள்ளளவும் காரணம். விலை என்னவென்றால் 5,000 சுற்றுக்கு மேல் மூச்சு நின்றுவிடும். உயர் சுற்றில் கத்தவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும்.

கியர்பாக்ஸ்: உண்மையான போட்டி

டர்போ எஞ்சினின் பலவீனம் தொடக்கத்தில். காலை அழுத்தியதும் காற்றழுத்தம் உடனே வராது. அந்த ஒரு நொடியை கியர்பாக்ஸ் எப்படி மூடி மறைக்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

டார்க் கன்வெர்ட்டர் அதை எண்ணெய் வழியே மறைக்கிறது. வண்டி நின்ற நிலையில் கிளம்பும்போது எஞ்சினின் டார்க்கை அது ஏறக்குறைய இரு மடங்குவரை பெருக்கித் தரும். டர்போ விழிப்பதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். மாஸ்டா அதன்பின் கன்வெர்ட்டரை சீக்கிரமே பூட்டிவிடுகிறது, வழுக்கல் இருக்காது. ஆறு கியர்தானா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 420 நியூட்டன் மீட்டர் இருக்கும் எஞ்சினுக்கு எட்டு கியர் தேவையில்லை. ஆறாவதிலேயே மேடு ஏறும், கீழிறங்கித் தேடிக்கொண்டிருக்காது.

சிவிடி வேறு தந்திரம் செய்கிறது. அழுத்தம் வரவேண்டிய சுற்றுக்கு எஞ்சினை உடனே தூக்கி வைத்துவிட்டு, விகிதத்தை மெதுவாக மாற்றுகிறது. அதனால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். ஹோண்டா முழு அழுத்தத்தில் போலிக் கியர் படிகளைச் சேர்த்து இதைக் கொஞ்சம் மறைக்கிறது. நிதானமாக ஓட்டுபவருக்கு மூன்று டர்போக்களிலும் இதுவே மிக மென்மையானது. சுமையோடு நீண்ட மலைப்பாதை ஏறும்போதுதான் குறை தெரியும்: பெல்ட்டும் புல்லிகளும் சூடாகும், சுற்று உயரத்திலேயே நிற்கும், சத்தம் ஓயாது. திரவம் ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 மட்டும்தான். 'எல்லா சிவிடிக்கும் ஏற்றது' என்று விற்கும் பொதுத் திரவத்தை ஊற்றினால் பெல்ட் வழுக்கலும் அதிர்வும் தொடங்கும். வண்டி முழுதும் நிற்பதற்குமுன் பின்கியரிலிருந்து முன்கியருக்குத் தள்ளும் பழக்கம் இருப்பவர்கள் சிவிடி பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இரட்டை கிளட்ச் ஓடும் வேகத்தில் இருக்கும்போது இவற்றையெல்லாம் தோற்கடிக்கும். அடுத்த கியர் ஏற்கெனவே தயாராக இருப்பதால் மாற்றம் நடந்ததே தெரியாது. சிக்கல் நடக்கும் வேகத்தில். முன்சக்கர இயக்கமுள்ள 1.5 டிஎஸ்ஐக்கு வருவது டிகியூ200 எனப்படும் உலர் கிளட்ச் வகை; அதன் டார்க் வரம்பே 250 நியூட்டன் மீட்டர். அதாவது எஞ்சின் தருவதை அப்படியே விளிம்பில் தாங்குகிறது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையில் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் இல்லை. இன்னொரு சங்கடம் முச்சந்தியில். மூன்றாவதில் வேகம் குறைத்து, இரண்டாவதுக்கு வரும்போது சட்டென்று காலை அழுத்தினால், கியர்பாக்ஸ் தயார் செய்து வைத்தது வேறு கியராக இருக்கும். முதலில் கிளட்ச் தாமதம், அதன்மேல் டர்போ தாமதம். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாயும். இந்த இடங்களுக்கு ஸ்போர்ட் நிலையில் வைப்பதுதான் எளிய மருந்து.

உலர் கிளட்சை நீண்ட நாள் வைத்திருக்க இரண்டு பழக்கம் போதும். முன்வண்டி நகர்ந்ததும் கூடவே ஊராமல், ஒரு வண்டி அளவு இடைவெளி விழும்வரை பிரேக்கை முழுதாக அழுத்தி நிற்க வேண்டும். பிரேக் முழுதாக அழுந்தினால்தான் கிளட்ச் முழுதாக விலகும். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. 2.0 டிஎஸ்ஐயோடு வரும் டிகியூ381 எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச் வகை. சூட்டைத் தாங்கும், பதிலுக்கு எண்ணெயும் வடிகட்டியும் கெடு பார்த்து மாற்ற வேண்டும். பாதி வாழ்க்கை நெரிசலில் கழியும் என்றால் உலர் கிளட்சை எடுக்காதீர்கள் என்பதே இந்த அலசலின் கருத்து, எவ்வளவு நன்றாக ஓடினாலும்.

ராவ்4 ஹைப்ரிடில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. கோள் பற்சக்கரத் தொகுதி ஒன்றுதான் எஞ்சினையும் இரு மோட்டார்களையும் இணைக்கிறது. உரசித் தேயும் கிளட்ச் இல்லாததால் நெரிசலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. நெடுஞ்சாலையில் முழு அழுத்தம் கொடுத்தால் மட்டும் சிவிடி போலவே முனகும்.

எண்ணெய்: சிறிய டர்போ தோற்கும் இடம்

ஹோண்டாவின் 1.5 டர்போவில் 2017, 2018 வண்டிகளில் பெரிதாகப் பேசப்பட்டது எண்ணெயில் பெட்ரோல் கலப்பது. காரணம் எளிது. நேரடி உட்செலுத்தல் (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) எஞ்சினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் காற்று-பெட்ரோல் கலவை செறிவாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருக்கும். ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் படியும், பிஸ்டன் வளையம் அதை வழித்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவர்களுக்கு அது நடப்பதே இல்லை. இந்த எஞ்சினில் வடிகட்டியோடு சேர்த்து எண்ணெய் வெறும் 3.5 லிட்டர் சுமார். கலக்கும் பெட்ரோல் சிறிதானாலும் விகிதம் பெரிது. ஃபோக்ஸ்வாகன் 1.5-க்கு 4.3 லிட்டர், மாஸ்டா டர்போவுக்கு 4.8 லிட்டர். ஹோண்டா பிறகு மென்பொருளை மாற்றியது, உத்தரவாதத்தையும் நீட்டித்தது.

கண்டுபிடிப்பது சுலபம். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவுகோலை எடுங்கள். எண்ணெய் மேல்குறியைத் தாண்டி ஏறியிருந்து, பெட்ரோல் வாசனையும் அடித்தால் கலப்பு இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் கவலைப்படுகிறோம். டர்போவில் கூடினாலும் கவலைப்பட வேண்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் இடைவிடாமல் ஓட்டுவதும், குறுந்தூர ஓட்டம் மட்டுமே என்றால் எண்ணெயைக் கெடுவுக்கு முன்பே மாற்றுவதும்தான் வழி.

எண்ணெய் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் கொடுக்கும்போது கலவை முன்கூட்டியே தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு சிறிய டர்போக்களுக்கே உரியது, பிஸ்டனையே உடைக்கக்கூடியது. எண்ணெயில் உள்ள கால்சியச் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்தபின் 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி தரங்கள் வந்தன. பழைய தர எண்ணெயை மலிவு என்று ஊற்றுவது டர்போவுக்கு ஆகாது. ஃபோக்ஸ்வாகனுக்கு இதற்கு மேல் அதன் சொந்தத் தர எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும். மாஸ்டா டர்போவுக்கு 5டபிள்யூ-30 தடிமன் கொண்ட எண்ணெய். டர்போ இல்லாத 2.5-க்கான 0டபிள்யூ-20-ஐ மாற்றி ஊற்றிவிடக் கூடாது. மாஸ்டாவில் ஸ்பார்க் பிளக்கும் அப்படியே: டர்போ இல்லாததில் சுமார் 1,20,000 கிலோமீட்டர், டர்போவில் சுமார் 64,000.

நேரடி உட்செலுத்தலின் இன்னொரு குறை மூன்று டர்போவுக்கும் பொது. உட்செல் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை என்பதால் அது கழுவப்படாது, கரி படியும். குளிர்ந்த எஞ்சின் நடுங்குவதும் இழுவை குறைவதும் அடையாளம். பெட்ரோலில் கலக்கும் சுத்திகரிப்பான்கள் இதற்குப் பயனில்லை, அவை வால்வைத் தொடுவதே இல்லையே. ராவ்4-இன் எஞ்சினில் உள்வழியிலும் ஊசி இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பெட்ரோல்

மாஸ்டா அமெரிக்காவில் இரண்டு எண்கள் சொல்கிறது: 87 ஆக்டேனில் 227 குதிரை, 93-இல் 250. அதிக ஆக்டேன் வாங்கத் தோன்றும். ஆனால் டார்க் 420-இலிருந்து 434 ஆவதோடு சரி. 4,000 சுற்றைத் தாண்டாதவருக்கு அந்தக் கூடுதல் செலவு வீண். மைலேஜ் விஷயத்தில் டர்போக்களின் குணம் ஒன்றுதான்: மெல்ல ஓட்டினால் சிறிய எஞ்சின் போலக் குடிக்கும், விரட்டினால் பெரிய எஞ்சினைவிட மோசம். டர்பைனைக் குளிர்விக்கக் கலவையைச் செறிவாக்குவதுதான் காரணம்.

உயரமான மலைப்பகுதியில் வாழ்பவருக்கு மட்டும் டர்போ தெளிவான வெற்றி. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். டர்போ கொஞ்சம் வேகமாகச் சுழன்று அதைச் சரிக்கட்டிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போதும் பழையது வாங்கும்போதும்

விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறவிட்டு மறுபடி வரச் சொல்வார்களா என்று கேளுங்கள். குளிர் எஞ்சினில்தான் உண்மை வெளிவரும். ஃபோக்ஸ்வாகன் 1.5-இன் ஆரம்பகால கைகியர் வண்டிகள் குளிரில் துள்ளித் துள்ளிக் கிளம்பியதற்கு மென்பொருள் திருத்தம் வந்தது. அது செய்யப்பட்டதா என்பதைச் சேவைப் பதிவில் பாருங்கள். ஏசியைப் போட்டு, நான்கு பேரோடு, 40 கிலோமீட்டர் வேகத்தில் கையால் நான்காவது கியரில் பிடித்து பாதி அழுத்தம் கொடுங்கள். இழுவை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அந்த வண்டியின் குணம். இரட்டை கிளட்ச் என்றால் பத்து நிமிடம் ஊர்ந்தபின் மேட்டில் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். அதிர்வோ கருகிய வாசனையோ வந்தால் கிளட்ச் முடிந்த கதை.

பழைய மாஸ்டா டர்போவில் சிலிண்டர் ஹெட்டின் புகை வெளியேறும் பக்கம் குளிர்நீர் கசிந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். 2021 வண்டிகளில் வால்வு சீல் காரணமாக எண்ணெய் குடித்ததும் உண்டு. ராவ்4 ஹைப்ரிடில் பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்று போகும் வலையைத் தொட்டுப் பாருங்கள், நாய்முடியும் தூசியும் அடைத்திருந்தால் பேட்டரி சூட்டில் வெந்திருக்கும். நான்கு சக்கர இயக்கம் என்றால் பின்மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பையும் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓடியவற்றில் அது அரித்துப்போவதும், மாற்றும் செலவு கண்ணைக் கட்டுவதும் நடந்திருக்கிறது.