கொப்பூழைத் தேடி மூன்று அகராதிகள்

பரிபாடல் திரட்டில் மதுரை நகரத்தை, திருமாலின் கொப்பூழில் மலர்ந்த தாமரைக்கு ஒப்பிடும் பாட்டு ஒன்று உண்டு. கொப்பூழ் என்றால் தொப்புள். இப்படி ஒரு சொல் கண்ணில் பட்டால் நான் மாறி மாறிப் புரட்டுவது மூன்று அகராதிகளை.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகள், 1939-இல் ஓர் அனுபந்தம். லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பல சொற்களுக்கு எந்த நூலில் வருகிறது என்ற குறிப்பும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கே போய்விடலாம். கடன் சொற்களுக்கும் இதுதான் சரி. 'சாவி' போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்ததை இதில் பார்க்கலாம். ஆனால் காலம் 1930-களோடு நின்றுவிட்டது.

மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) வேறு ரகம். பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சொல்லின் சொந்தபந்தங்களை எல்லாம் கூட்டிவந்து நிறுத்தும். எமனோ நீலகிரியில் தங்கி, தோடர், கோத்தர் பேச்சைக் காதால் கேட்டு எழுதியவர். அந்த மொழிகளும் இதில் வருகின்றன. நம் கொப்பூழுக்கு மலையாளத்தில் பொக்கிள், கன்னடத்தில் ஹொக்குளு. கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாவது வழக்கம், நம் பால் அங்கே ஹாலு ஆனதுபோல. ஆக, சொல்லின் முதலில் நின்றது 'பொ'. தமிழிலும் பொக்குள் உண்டு. அதில் பகரமும் ககரமும் இடம் மாறித்தான் கொப்பூழ் வந்திருக்கிறது. பொக்குளம் கொப்புளம் ஆனதும், தசை சதை ஆனதும் இப்படித்தான். அக்கம்பக்கத்து மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்காமல் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. சிரமம் என்னவென்றால், எல்லாம் ரோமன் எழுத்தில் இருக்கும். கண் பழக நாளாகும். கடன் சொற்களுக்கும் இதில் வேலையில்லை. சாவியைத் தேடிப் பயனில்லை.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992, மூன்றாம் பதிப்பு 2020) சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஒரு சொல் இன்றைக்கு எப்படிப் புழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டும். இலங்கை வழக்குகளையும் தனியே குறித்திருக்கிறார்கள்.

ஒன்றுதான் என்றால் லெக்சிகனைச் சொல்வேன். வேர் தேடுகிறவர்கள் பரோ–எமனோவையும் விடக்கூடாது. இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கொப்பூழ் என்று போட்டு அகப்படாவிட்டால், பொக்குள் என்று போட்டுப் பாருங்கள்.