எருசலேம் பழைய நகரம்: எந்த வாசலில் தொடங்குவது?

எருசலேம் போகத் திட்டமிடுகிறவர்கள் விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பழைய நகரத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உள்ளே கையில் ஒரே நாள் இருக்கிறவர்களுக்கு, எதைப் பார்ப்பார்கள், எதைத் தவறவிடுவார்கள் என்பதை அந்த வாசலே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

மதில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் எழுப்பியது. 1530களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1541 வாக்கில் முடிந்தது. சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர். உள்ளே இருப்பது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம். இப்போது ஏழு வாசல்கள் திறந்திருக்கின்றன. கிழக்கே உள்ள பொன் வாசல் நூற்றாண்டுகளாகக் கல் வைத்து அடைக்கப்பட்டுக் கிடக்கிறது. முதல்முறை போகிறவர்கள் யோசிக்க வேண்டியவை நான்கு: யாப்பா வாசல், தமஸ்கு வாசல், சிங்க வாசல், குப்பை வாசல்.

பயணக் கையேடுகள் பெரும்பாலும் மேற்கே உள்ள யாப்பா வாசலுக்குத்தான் அனுப்பும். வசதி என்று பார்த்தால் அது சரிதான். டிராம் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம், உள்ளே நுழைந்ததும் தாவீது கோபுர அருங்காட்சியகம். வாசலுக்குப் பக்கத்தில் கார் போகும் அளவுக்கு மதில் திறந்திருக்கிறதே, அது 1898இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் வண்டி வருவதற்காகத் திறந்துவிட்டது. 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி இதே இடத்தில் குதிரையிலிருந்து இறங்கி நடந்தே உள்ளே போனார். இவ்வளவு இருந்தும், தொடங்குவதற்கு நான்கில் இதுதான் பலவீனமான வாசல் என்பது என் கருத்து. இங்கிருந்து இறங்கும் தாவீது தெரு முழுக்க ஒலிவ மரச் சிலுவை, பீங்கான் தட்டு, டி-ஷர்ட் கடைகள். தெம்பாக இருக்கும் காலை நேரம் பேரம் பேசுவதில் போய்விடும். தெருவின் படிகளும் ஆள் நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்டவை, மழை நாளில் வழுக்கும்.

தமஸ்கு வாசல் வடக்கே இருக்கிறது. மதிலில் இதைவிட அழகான வாசல் கிடையாது. சுலைமானின் வாசலுக்குக் கீழே, ஹாத்ரியன் காலத்து ரோமானிய வாசலின் வளைவு ஒன்று இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. வெளியே அரைவட்டமாக இறங்கும் படிக்கட்டு, அதைத் தாண்டினால் கூட்டமான பாலஸ்தீனச் சந்தை. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் திராட்சை இலைக் கட்டுகளையும் கீரைகளையும் தரையில் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். எள் தூவிய நீள்வளைய ரொட்டியைத் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். சாத்தர் என்ற மூலிகைப் பொடியைத் தாளில் மடித்துக் கூடவே தருவார்கள், தொட்டுச் சாப்பிடலாம். ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க இதுதான் வாசல். ஆனால் வயதானவர்களோடு குழுவாக முதல்முறை போகிறவர்களை நான் இங்கே அனுப்ப மாட்டேன். நெரிசல் அதிகம், பதற்றமான நாட்களில் போலீஸ் தடுப்பு வைப்பதும் முதலில் இங்கேதான்.

தமஸ்கு வாசலுக்கு வெளியே, கொஞ்ச தூரத்தில், இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று சிலர் நம்பும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நம் ஊர் சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே குழுக்கள் திருவிருந்து ஆராதனைக்கு விரும்பிப் போகும் இடம். அமைதியான தோட்டம், உட்கார்ந்து ஜெபிக்க இடமுண்டு. அங்குள்ள கல்லறை இயேசு காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெட்டப்பட்டது என்பதே தொல்லியலாளர் பலரின் முடிவு. ஜெபிக்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் இதைப் பார்த்த கையோடு, மதிலுக்குள் இயேசுவின் கல்லறை இருக்கும் இடமாகப் போற்றப்படும் திருக்கல்லறை ஆலயத்தை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு. சில குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

கிறிஸ்தவ யாத்திரைக்குச் சிங்க வாசலுக்கு நிகரில்லை. கிழக்கே ஒலிவ மலையைப் பார்த்திருக்கும் வாசல் இது. பேருந்து மலை உச்சியில் இறக்கிவிட்டால், கர்த்தர் கற்பித்த ஜெபம் உலக மொழிகளில் பதிக்கப்பட்டிருக்கும் பாத்தர் நோஸ்தர் ஆலயத்தில் தமிழ்ப் பலகையைப் பார்த்துவிட்டு, குருத்தோலை ஞாயிறு பவனி வரும் சரிவில் கெத்செமனேவுக்கு இறங்கி, கிதரோன் பள்ளத்தாக்கைக் கடந்து இந்த வாசலுக்கு ஏறலாம். சுவிசேஷத்தில் படித்த வரிசை காலடியில் அப்படியே வருகிறது. வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம் பெதஸ்தா குளத்தின் இடிபாடுகள், பக்கத்திலேயே சிலுவைப்போர் காலத்துப் புனித அன்னாள் ஆலயம். அலங்காரமே இல்லாத கல் மண்டபம். நான்கு பேர் சேர்ந்து ஒரு கீர்த்தனையை மெதுவாகப் பாடினாலே குரல் எழும்பி வெகுநேரம் நிற்கும். மதியம் பூட்டிவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும்.

அங்கிருந்து, இயேசு சிலுவை சுமந்து போன வழியாகக் கருதப்படும் சிலுவைப்பாதை. 14 நிலைகளில் 9 தெருவில் வருகின்றன, கடைசி 5 திருக்கல்லறை ஆலயத்துக்குள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் சிலுவைப்பாதையில் யாரும் சேர்ந்துகொள்ளலாம். பாதை முதலில் இறங்கி, பிறகு படிகளில் ஏறும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்றம் சிரமம்தான், நிலைக்கு நிலை நின்று போனால் சமாளிக்கலாம்.

திருக்கல்லறை ஆலயத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் 335இல் அர்ப்பணிக்கப்பட்டு, 1009இல் இடிக்கப்பட்டு, சிலுவைப்போர் வீரர்கள் 1149இல் மறுபடி அர்ப்பணித்த ஆலயம். ஆறு சபைகள் பங்கிட்டு வழிபடுகின்றன. கதவின் சாவியும் கதவைத் திறக்கும் பொறுப்பும் தலைமுறை தலைமுறையாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம். நுழைந்ததும் எதிரே கிடக்கும் கல்லில், இயேசுவின் உடலுக்கு நறுமணம் பூசிய இடம் என்று, மக்கள் மண்டியிட்டு வாசனைத் தைலத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார்கள். கல்லறைக் கூடத்தின் வரிசை நீளமாக இருந்தால் உடனே சேராதீர்கள். புனித எலேனா சிற்றாலயத்துக்கு இறங்கும் படிச் சுவரைப் பாருங்கள். விரல் அகலச் சிலுவைகள் நூற்றுக்கணக்கில், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் கீறப்பட்டிருக்கும்.  பேர் தெரியாத எத்தனையோ யாத்திரிகர்கள் உயிரைப் பணயம் வைத்து இங்கே வந்து சேர்ந்ததை அந்தச் சுவரைவிடத் தெளிவாகச் சொல்லும் ஒன்று ஆலயத்தில் இல்லை.

அப்படியானால் எல்லோரும் சிங்க வாசலில் தொடங்கலாமே என்றால், ஒரு சிக்கல் இருக்கிறது. முஸ்லிம்களின் புனிதத் தலமான அல் அக்சா வளாகத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய ஒரே வழி, யூதர்கள் ஜெபிக்கும் அழுகைச் சுவர் அருகே உள்ள மரப்பாலம். அது தெற்கே குப்பை வாசலுக்குப் பக்கம். ஞாயிறு முதல் வியாழன் வரை காலையில் சில மணி நேரமும், மதியத் தொழுகைக்குப் பின் கொஞ்ச நேரமும்தான் அனுமதி. பிற மதப் பிரார்த்தனைப் பொருட்களுக்கு அனுமதியில்லை, உடை கையையும் காலையும் மூட வேண்டும். வளாகத்தில் உள்ள பாறைக் குவிமாடத்துக்கு உள்ளே விட மாட்டார்கள். இருந்தாலும் ஏழாம் நூற்றாண்டின் முடிவில் கட்டப்பட்ட அந்த எண்கோணக் கட்டடத்தை முற்றத்தில் நின்று பார்ப்பதற்காகவே அதிகாலையில் எழுந்து வரிசையில் நிற்கலாம்.

அழுகைச் சுவர் அவசரப்படுத்தாது. எல்லா நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி அங்கேயே கிடைக்கும். எதிரே இருக்கும் அகன்ற முற்றம் 1967 போருக்குப் பின் மொராக்கோ குடியிருப்பை இடித்து உண்டாக்கியது. சுவரின் முன் நின்று அழுகிறவர்களையும் மதிக்க வேண்டும், அங்கே வீடிழந்தவர்களையும் மறக்கக் கூடாது.

ஆகவே வளாகத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு நாள் காலையில் குப்பை வாசலில் தொடங்குங்கள். பேருந்து இறக்கிவிட வசதி, சுவர் வரை ஏற்றமும் அதிகமில்லை. வளாகத்தைப் பார்த்துவிட்டு வேறு வாசல் வழியாக வெளியேறினால் சிலுவைப்பாதை எட்டிவிடும் தூரம். சிலுவைப்பாதைதான் முக்கியம் என்பவர்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் சிங்க வாசலுக்குப் போங்கள். தமிழக அரசின் மானியத்தோடு வாழ்நாளில் ஒரே முறை போகிறவர்கள், பயண ஏற்பாட்டாளரிடம் இதைக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். பேருந்துக்கு வசதியான இடத்தில் இறக்கிவிட்டு மதியத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும் திட்டங்களுக்குச் சம்மதிக்காதீர்கள்.

முஸ்லிம் வாசகர்களுக்குச் சிங்க வாசலே நல்ல தொடக்கம், அல் அக்சா அங்கிருந்து அடுத்த அடி. திரும்பும்போது வடக்கே ஏரோது வாசல் அருகே உள்ள இந்திய தர்காவுக்கும் போய்வாருங்கள். சூஃபி ஞானி பாபா ஃபரீத் வந்து தவமிருந்த இடம் என்று போற்றப்படுகிறது, இன்றும் இந்தியக் குடும்பம் ஒன்றுதான் பராமரிக்கிறது.

கிழமையும் முக்கியம். வெள்ளி நண்பகலில் தொழுகைக் கூட்டத்தால் தமஸ்கு, சிங்க வாசல்கள் திணறும். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை டிராம் ஓடாது, அழுகைச் சுவரில் படம் எடுக்கக் கூடாது. போர்ச் சூழலில் நேரங்களும் தடைகளும் திடீரென்று மாறுகின்றன, கிளம்பும் வாரத்திலும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.