முடி விவகாரம்: தலைமை ஆசிரியரிடம் பேசுவதா, வெளியே புகார் கொடுப்பதா?

"முடி வெட்டிட்டு வந்தாத்தான் கிளாஸ்" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சென்னையில் பல வீடுகளில் அடுத்து எழும் கேள்வி இது.

செலவு: இரண்டுக்கும் காசு வேண்டாம்.

வேகம்: நேரில் பேசினால் அன்றே பிள்ளை வகுப்பில் உட்காரலாம்.
புகார் மெதுவாகத்தான் நகரும். கல்வி உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுதிக் கொடுத்தால் 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐ அழைக்கலாம்.

வலு: வாய்ப்பேச்சு அடுத்த வாரமே மறந்துபோகும், கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.
புகாருக்குச் சட்டமே துணை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதற்கு மேற்பட்ட பிள்ளை என்றாலும் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பழனிக்கு வேண்டிக்கொண்டு வளர்க்கும் முடி, தோல் நோய், அளவைப் பற்றிய தகராறு என்றால் தலைமை ஆசிரியரே போதும். முடி அளவுக்குப் பள்ளி விதி வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பிரேயரில் எல்லார் முன்னாலும் கத்தரி வைத்திருந்தால், அடித்திருந்தால், சமரசம் பேசப் போகாதீர்கள். அன்றே புகாரை எழுதுங்கள்.