அரிசி இருக்கிறது, தொட்டுக்கொள்ள என்ன?

திருநெல்வேலிப் பக்கம் இல்லாத வீடுகளுக்குச் சாப்பாட்டு உதவி செய்யும் சிறு குழு எங்களுடையது. மாதத்தின் முதல் பத்து நாட்கள் எங்கள் தொலைபேசி சும்மா கிடக்கும். இருபதாம் தேதி தாண்டிவிட்டால் மேலப்பாளையம், பேட்டை, வீரவநல்லூர் என்று அழைப்புகள் வரும். முன்பு ஒரே ஆட்டோவில் அடங்கிய பைகளுக்கு இப்போது இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது. பணம் தருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: மளிகைப் பையா, சமைத்த சோறா, கல்யாண மண்டபத்தில் மிஞ்சுவதை அள்ளிப்போய்க் கொடுப்பதா?

அரசு தருவதை வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதனால் இங்கே அரிசிப் பானை காலியாவது அபூர்வம். காலியாவது எண்ணெய்ப் பாத்திரமும் அஞ்சறைப்பெட்டியும்தான்.

மேலப்பாளையத்தில் ஒரு வீடு. அம்மாவின் மடியில் பீடித்தட்டு, கை நிற்காமல் இலையைச் சுருட்டுகிறது. அடுப்பில் ரேஷன் அரிசிக் கஞ்சி. தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டேன். கிண்ணத்தைத் திறந்து காட்டினார்: உப்பில் கிடந்த இரண்டு பச்சை மிளகாய். "காணம் (கொள்ளு) இருந்தால் துவையல் அரைத்திருப்பேன் தம்பி. வாரத்தில் பாதி நாள்தான் இலை கிடைக்கிறது" என்றார். நாங்கள் கொண்டுபோன பையில் பாதி எடை அரிசி! வெட்கமாகப் போய்விட்டது. இப்போது எங்கள் பையில் அரிசியே கிடையாது. காணம், பாசிப்பயறு, கடலை எண்ணெய், புளி, வற்றல் மிளகாய். அடுப்பு எரிகிற வீட்டுக்கு இதை மிஞ்ச வேறு உதவி இல்லை.

சமைத்த சோற்றில் அம்மா உணவகத்தை நான் உயர்வாக வைக்கிறேன். 2013இல் வந்தது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது நகரத்துக்காரர்களுக்கு. 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. கிராமத்துத் தாத்தாவுக்கு உண்டு. போய் வரும் செலவு சாம்பார் சாதத்தை விழுங்கிவிடும். திருச்செந்தூரில் 2021 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வரம். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி ஒரு மாதம்தான். ஆனாலும் வசதியானவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் தூக்குவாளியோடு நிற்கும் அழகு அதற்கு உண்டு.

மண்டபத்துச் சோறு விஷயத்தில் எனக்குச் சூடு பட்டிருக்கிறது. கடைசிப் பந்தி முடிந்து கூப்பிட்டார்கள். போய்ச் சேர மணி மூன்று. ஆவியோடு இறுக மூடி வைத்த சாம்பார் சாதம். கொண்டுபோன இடத்தில் திறந்ததும் புளித்த வாடை. தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் அண்டாவை மூடியதை மறக்க முடியவில்லை. ஆறவைத்து, உடனே எடுத்து, பக்கத்திலேயே கொடுத்தால் நல்லதுதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது? முகூர்த்தம் பார்த்தா வயிறு பசிக்கிறது? புகைப்படத்துக்கு மட்டும் இதற்குத்தான் கூட்டம் அதிகம்.

தனியாக இருக்கும் முதியவர்கள் கதை வேறு. பிள்ளைகள் சென்னையில், திருப்பூரில், வளைகுடாவில். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் அரிசி வந்து இறங்கிவிட்டது, உலை வைப்பது யார்? கை நடுங்குகிறவருக்கு எங்கள் காணப் பை வெறும் சுமை. அதனால் அதே தெருவில் எப்படியும் உலை வைக்கும் ஒரு வீட்டுக்கு மாத மளிகையைக் கொடுத்து, கூட இருவருக்குச் சமைக்கச் சொல்கிறோம். வண்டி வேண்டாம், மண்டபம் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கியவர்களுக்கும் முதலில் சோறு வந்தது பக்கத்து ஊர் புதுக்குடியின் அடுப்புகளிலிருந்துதான்.

ஆகவே இந்த ஆண்டு மண்டப வண்டிக்கு வைத்திருந்த பணத்தைத் தெரு அடுப்புகளுக்கு மாற்றிவிட்டோம். வீரவநல்லூரில் சாப்பாடு வாங்கும் ஆச்சி ஒருவர், ரசத்தில் உப்பு குறைவு என்று மூன்று நாளாகச் சண்டை போடுகிறாராம்.