லேப்டாப்புக்கு "3 வருஷம் ஃபுல் கவர்" என்று சொன்னால் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 6,499 ரூபாய் போன கோபம் இருக்கிறது. அதைவிட, அதே கவுன்டரில் இன்றைக்கும் யாரோ ஒரு அப்பா அதே பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார் என்பதுதான் மனதை அரிக்கிறது.

நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். பாண்டியில் வாங்கினால் விலை குறையும் என்று எங்கள் பக்கத்தில் இன்னமும் ஒரு பேச்சு உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆனாலும் அங்கே கடைகள் அதிகம், நாலு மாடலைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்று 2024 ஜூனில் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். காலேஜ் திறக்க இரண்டு வாரம் இருந்தது. ஒரு பெரிய ஷோரூமில் 58,990 ரூபாய்க்கு ஒன்றை எடுத்தோம்.

பில் போடும்போதுதான் விற்பனைத் தம்பி பேச்சை ஆரம்பித்தார். "பொண்ணு பஸ்ல தூக்கிட்டுப் போவாங்க சார். கீழ விழுந்தாலும் தண்ணி கொட்டினாலும் 3 வருஷம் ஃபுல் கவர். உங்களுக்கு ஒரு ரூபா செலவு வராது." 6,499 ரூபாய். இ.எம்.ஐ.யில் சேர்த்துவிட்டால் தெரியவே தெரியாது என்றார். நிபந்தனைகள் எழுதிய பேப்பர் கொடுங்கள் தம்பி என்று கேட்டேன். மெசேஜில் லிங்க் வரும் என்றார். அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் மறுபடியும் கேட்டேன். "ஃபுல் கவர்தான் சார், டென்ஷன் ஆகாதீங்க" என்று பதில் வந்தது. லிங்க் வந்தது மூன்று நாள் கழித்து. 14 பக்கம், எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலம்.

2025 செப்டம்பரில் ஒரு நாள் காலையில் மகள் லேப்டாப்பைத் திறந்தாள். டக்கென்று ஒரு சத்தம். இடது பக்க கீல் இருக்கும் மூலையில் பிளாஸ்டிக் பிளந்து நின்றது. உள்ளேயிருந்து கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு பித்தளை நட்டு பாயில் விழுந்து உருண்டது. கீழே போடவில்லை, எதிலும் இடிக்கவில்லை. தினமும் திறந்து மூடியதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. கீலைப் பிடித்திருக்கும் அந்த நட்டு பிளாஸ்டிக்கில் பதித்து வைத்தது. கீல் இறுகிப்போனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிளாஸ்டிக்கைப் பெயர்க்கும். பல மாடல்களில் இது நடக்கிறது என்று சர்வீஸ் சென்டர் பையனே சொன்னார். சொல்லிவிட்டு, பழுதைப் பதிவு செய்யும் ஜாப் ஷீட்டில் 'ஃபிசிக்கல் டேமேஜ்' என்று எழுதினார்.

அந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் போனது. நான் வாங்கியது ஒரே திட்டம் என்று நினைத்திருந்தேன். அது இரண்டு. ஒன்று, விழுந்தால் உடைந்தால் என்கிற சேதப் பாதுகாப்பு. அதற்கு ஆயுள் வாங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். 2025 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இன்னொன்று எக்ஸ்டெண்டட் வாரண்டி. அது கம்பெனியின் ஒரு வருட வாரண்டி முடிந்த பிறகு தொடங்கி அடுத்த இரண்டு வருடம் ஓடும். ஆனால் தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும்தான். போர்டு தானாகச் செத்தால், டிஸ்ப்ளேயில் கோடு விழுந்தால் பார்ப்பார்கள். உடைந்தது, நனைந்தது, துருப்பிடித்தது எதையும் தொட மாட்டார்கள். பேட்டரியும் அதில் கிடையாது. ஆக 'மூன்று வருடம்' என்பதும் உண்மை, 'விழுந்தாலும் கவர்' என்பதும் உண்மை. இரண்டையும் ஒட்டி ஒரே வாக்கியமாகச் சொன்னதுதான் பொய்.

கீல் உடைந்தது தயாரிப்புக் கோளாறுதானே என்று கேட்டேன். திட்டத்தை நடத்துவது லேப்டாப் கம்பெனி இல்லை, வேறொரு நிறுவனம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடையில் கேட்டால் அந்த நம்பருக்குப் பேசுங்கள் என்றார்கள். நம்பரில் கேட்டால் சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட்டே முடிவு என்றார்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால் எங்களுக்கும் அந்தத் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். மூன்று இடத்துக்கும் மாறி மாறி 19 நாள் அலைந்தேன். மேல் மூடி, கீல், கூலி சேர்த்து சர்வீஸ் சென்டர் சொன்ன தொகை 9,400 ரூபாய். அதற்குள் மகளுக்குப் பரீட்சை வந்துவிட்டது. ஒரு வெளிக்கடையில் 2,600 ரூபாய்க்குச் சரிசெய்துகொண்டோம்.

எங்கள் தெருவில் இன்னொருவர் கதை இதைவிடப் பாவம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது ஆற்றோரத்தில் அவருடைய அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அங்கே வைத்திருந்த இவருடைய லேப்டாப்பும் ஊறிப்போனது. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு போனார். இயற்கைச் சீற்றம் அதில் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புயல் வருகிற கரையில் இருக்கும் நமக்கு இந்தப் பயம்தான் பெரியது. அதற்கு லேப்டாப் கடையில் மருந்து கிடையாது. பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் 2021 ஏப்ரலிலிருந்து கொடுக்கும் வீட்டுப் பாலிசியில் வெள்ளமும் புயலும் சேர்த்தி. கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே வரும். சொந்த வீடு இருப்பவர்கள் அதை விசாரியுங்கள்.

திட்டமே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தினமும் பையில் போகிற லேப்டாப்புக்குச் சேதப் பாதுகாப்பு இருப்பது நல்லதுதான். ஆனால் லேப்டாப் கம்பெனியே தருவதாக இருக்கட்டும். சீரியல் நம்பரைப் போட்டால் கம்பெனி வெப்சைட்டிலேயே என்ன கவர், எந்தத் தேதி வரை என்று காட்ட வேண்டும். எக்ஸ்டெண்டட் வாரண்டியை முதல் வருடம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளப் பல கம்பெனிகள் விடுகின்றன. சேதப் பாதுகாப்புக்குத்தான் கெடு குறைவு. ஆனாலும் கவுன்டரில் நின்றபடி முடிவெடுக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. கடைத் திட்டம்தான் என்றால் சேதக் கவர் எத்தனை மாதம், கீலும் பேட்டரியும் உண்டா, எத்தனை முறை கேட்கலாம், தேய்மானம் கழிப்பார்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். திருட்டுக்கும் சேர்த்து என்று சொன்னால் அது இன்சூரன்ஸ். எந்தக் கம்பெனி பாலிசி, நம்பர் என்ன என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் என்றால், பணம் தர மறுத்த பிறகு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். வெறும் வாரண்டித் திட்டத்துக்கு அந்த வழி இல்லை.

இதே மாதிரி வாங்கி இன்னும் ஒரு வருடம் முடியாதவர்கள் இன்றைக்கே அந்த லிங்க்கைத் திறந்து தேதியைப் பாருங்கள். கீல் இறுக்கமாக இருந்தால், மூலையில் விரிசல் தெரிந்தால், முதல் வருடம் முடிவதற்குள் கொண்டுபோய் ஜாப் ஷீட் போட்டுவிடுங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். தமிழிலேயே பேசினார்கள். 'நிபந்தனைப்படி நிராகரிக்கப்பட்டது' என்று கடையிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. சரி, அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் பாண்டிக்கு அலைய வேண்டாம், கடலூரிலேயே போடுகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாரண்டி பற்றி வாயால் தவறாகச் சொன்னாலும் அது முறையற்ற வணிகம்தான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது. 2,000 ரூபாய்க்கு கிஃப்ட் வவுச்சர் தருகிறோம், இதோடு விட்டுவிடுங்கள் சார் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனு எழுதியாயிற்று. பில், ஜாப் ஷீட், "டென்ஷன் ஆகாதீங்க" என்ற வாட்ஸ்அப் பதிலின் பிரிண்ட் எல்லாம் ஒரே கவரில் இருக்கிறது. அந்தப் பித்தளை நட்டையும் அதிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.