பேருந்து ஏர் சஸ்பென்ஷன்: லெவலிங் வால்வா, மின்னணுக் கட்டுப்பாடா?

ஏர் சஸ்பென்ஷனில் பேருந்தைத் தாங்குவது காற்றுப் பைகள் (பெல்லோ). சுமை மாறினாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்க அவற்றின் காற்றைக் கூட்டிக் குறைக்க இரண்டு முறைகள் உண்டு. லெவலிங் வால்வு எளிமையானது. பயணிகள் ஏறி வண்டியின் உடற்பகுதி தாழ்ந்தால் அச்சோடு இணைந்த கம்பி நெம்புகோலைத் திருப்பும். பெல்லோவுக்குள் காற்று போகும். உயர்ந்தால் வெளியேறும். பெரும்பாலும் மூன்று வால்வுகளே போதும். நான்கு மூலைக்கும் நான்கு வைத்தால் எதிரெதிர் மூலைகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று சட்டகத்தை முறுக்கும். நீண்ட வளைவில் சாய்வையும் சுமையாகவே கருதிக் காற்றை வீணாக்குவது இதன் குறை. கம்பி வளைந்தால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

மின்னணு முறை, உயர சென்சாரின் அளவைச் சராசரி எடுத்து, நீடிக்கும் விலகலுக்கு மட்டும் சோலினாய்டு வால்வை (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) திறக்கும். அனுமதிக்கும் விலகலை மிகக் குறைத்தால் வால்வு ஓயாமல் திறந்து மூடும். சென்சார் மாற்றினால் மறுபடி அளவு திருத்த வேண்டும். ஆனாலும் நிறுத்தத்தில் படியைத் தாழ்த்தும் வசதிக்காகவே நகரப் பேருந்துக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். மின்பழுது பார்க்க ஆளில்லாத தடங்களுக்கு வால்வே நல்லது.

கணினி மாதிரியில் பெல்லோவின் விறைப்பைக் கணக்கிடத் தனி அழுத்தத்தையே (வளிமண்டல அழுத்தமும் சேர்ந்தது) போடுங்கள், அதைச் சேர்க்காத கேஜ் அழுத்தத்தை அல்ல. காற்றின் அழுத்தம் கன அளவோடு எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் பாலிட்ரோபிக் அடுக்கு மெதுவான அசைவில் 1, வேகமானதில் 1.4-ஐ நெருங்கும். உட்கார்ந்திருப்பவரை அதிகம் வருத்தும் 4–8 ஹெர்ட்ஸ் செங்குத்து அதிர்வுக்கு இரண்டு முறைகளுமே ஈடுகொடுக்காது. அது ஸ்பிரிங், டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் கருவி), இருக்கை ஆகியவற்றின் வேலை.